கைக்கெட்டாத சர்வருக்குப் புதிய இயங்குதளம்

சர்வரில் ஓடும் இயங்குதளத்துக்கு ஆயுள் உண்டு. அதை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதி வரைதான் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவார்கள். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2012க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10உடன் நின்றது. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். அதற்கு வழக்கமான ஆதரவு ஐந்து ஆண்டுதான். எந்தச் சர்வரானாலும் அதன் அடித்தளத்தை மாற்றியாக வேண்டிய நாள் வந்தே தீரும்.

மேசைமேல் இருக்கும் கணினியில் இந்த வேலை பாதியில் கெட்டால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், பொத்தானை அழுத்தி அணைக்கலாம், பென்டிரைவைச் செருகிப் புதிதாகத் தொடங்கலாம். தொலைவில் இருக்கும் சர்வருக்குத் திரையும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. எஸ்எஸ்எச் போன்ற ஒரு தொலைநிலை இணைப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். அந்த இணைப்பைத் திறந்துவைத்திருப்பதோ, இப்போது மாற்றப்படப்போகும் அதே இயங்குதளம். அது எழுந்திருக்காவிட்டால் அதைச் சரிசெய்யப் போகும் வழியும் அதோடு சேர்ந்து மூடிக்கொள்கிறது. தொலைநிலை மேம்படுத்தலின் எல்லாத் தொல்லைகளுக்கும் வேர் இதுதான்.

தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை வட்டாரத்தின் ஊராட்சிகளில் பைல் நாடும் ஒன்று. அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பிவடம் கொண்டுசெல்லும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி, தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனமான டான்பிநெட்டின் பொறுப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட வலையமைப்பில் ஊர்தோறும் வைக்கப்படும் கருவிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இயங்குதளம் ஓடும். சமவெளியில் உட்கார்ந்து அதை மேம்படுத்துகிறவரின் கட்டளை ஒன்று தவறினால், ஒரு பொத்தானை அழுத்துவதற்காக ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது.

எதிர்த்திசையிலும் இதே தொலைவு இருக்கிறது. பைல் நாட்டிலிருந்து பார்த்தால் சென்னையில் இருக்கும் சர்வர்தான் கைக்கெட்டாதது. மலையாளிப் பழங்குடி வகுப்பு மாணவர் ஒருவருக்குக் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று வேண்டும் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் பேருந்து ஏறி வட்டத் தலைமையிடமான செம்மேட்டுக்கு வரவேண்டியிருக்கும். அங்கே "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லப்படும் ஒரு வரிக்குப் பின்னால், எங்கோ நள்ளிரவில் தொடங்கி விடிவதற்குள் முடியாமல் போன மேம்படுத்தல் ஒன்று இருக்கலாம். சர்வரைப் பராமரிப்பவர்களின் வேலையில் கவனம் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

கோளாறு எங்கே வருகிறது என்று அறிய, ஒரு சர்வர் எழுந்திருக்கும் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் உள்ள நிலைநிரல் விழிக்கிறது, நினைவகத்தைச் சோதிக்கிறது, வட்டைத் தேடுகிறது. வட்டில் இருக்கும் பூட் லோடர், இயங்குதளத்தின் கருவான கெர்னலை எடுத்துத் தருகிறது. கெர்னலுடன் சேர்ந்து ஒரு சிறு தொடக்கக் கோப்புத்தொகுப்பும் ஏறும். உண்மையான வட்டைத் திறப்பதற்கான டிரைவர்கள் அதில்தான் இருக்கும். வட்டுகள் இணைந்தபின் பின்னணிச் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கும்: வலையமைப்பு, தீயரண், எஸ்எஸ்எச், தரவுத்தளம், இணையச் சேவை. மேம்படுத்தல் இந்தப் படிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடுகிறது. ஆகவே "சர்வர் வரவில்லை" என்பது ஒரே நோயின் பெயரல்ல. எந்தப் படியில் நின்றது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடையில் பாதி, வெளியில் இருந்தபடியே கிடைக்கும். இணைக்க முயலும்போது வரும் பிழைச்செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி நல்ல செய்தி. கணினி எழுந்துவிட்டது, வலையமைப்பும் வேலை செய்கிறது, எஸ்எஸ்எச் சேவை மட்டும் தொடங்கவில்லை என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் கணினி எழவில்லை, அல்லது வலையமைப்பு வரவில்லை, அல்லது தீயரண் கதவை மூடிவிட்டது. அனுமதி இல்லை என்று வந்தால் மற்ற எல்லாம் சரி. சாவியோ கடவுச்சொல்லோதான் ஏற்கப்படவில்லை. சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் கடவுச்சொல்லைத் தட்டும் முன் நின்று யோசிக்க வேண்டும். மறுமுனையில் இருப்பது வேறு கணினியாகவே இருக்கலாம்.

பதில் வராத முதல் பத்து நிமிடத்தில் செய்யத்தக்கது காத்திருப்பதுதான். பெரிய நினைவகம் கொண்ட சர்வர்கள் தங்களைச் சோதித்து முடிக்கவே பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பின் முதல் தொடக்கத்தில் வட்டுச் சோதனையும், ரெட்ஹேட் லினக்ஸ் வகைகளில் கோப்புகளுக்கெல்லாம் பாதுகாப்புக் குறியிடும் வேலையும் நடக்கலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து மின்சாரத்தை வெட்டினால், தாமதமாக இருந்த ஒன்று உண்மையான பழுதாகிவிடும்.

எழுந்தும் வலையமைப்புக்கு வராத சர்வர்கள் நிறைய உண்டு. அதற்குப் பெயர்மாற்றம் ஒரு காரணம். லினக்சில் முன்பு முதல் வலையமைப்பு அட்டைக்கு ஈத்0 என்று பெயர். 2013இல் சிஸ்டம்டி மென்பொருள், அட்டை எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறதோ அதைக் கொண்டு பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. பழைய பெயரை நம்பி ஐபி முகவரி எழுதிவைத்த கோப்பு, மேம்படுத்தலுக்குப்பின் இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும். தீயரணிலும் இப்படி ஒரு திருப்பம் வந்தது: லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2019இல் வெளியிட்ட 10ஆம் பதிப்பில் பழைய ஐபிடேபிள்ஸ் கட்டளைகளுக்கு அடியில் என்எப்டேபிள்ஸ் இயந்திரத்தை இயல்பாக்கியது. வட்டுப் பட்டியலில் எழுதப்பட்டு இப்போது இல்லாத ஒரு வட்டும் தொடக்கத்தை நிறுத்திவிடும். கணினி அவசர நிலைக்குப் போய், யாரும் பார்க்காத திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும். இன்றியமையாத வட்டு அல்ல என்றால், இல்லாவிட்டாலும் மேலே போ என்ற குறிப்பை அந்த வரியில் சேர்த்துவைப்பது ஒரு நிமிட வேலை.

எஸ்எஸ்எச் மென்பொருளே பழைய வழக்கங்களைக் கைவிடுவதும் உண்டு. 2015இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.0, டிஎஸ்ஏ வகைச் சாவிகளை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் வந்த 8.8, ஆர்எஸ்ஏ சாவிகள் எஸ்எச்ஏ-1 முறையில் இடும் கையெழுத்துகளை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. இரண்டும் பாதுகாப்புக்கு நல்லவை. ஆனால் பழைய நிரலை வைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தவருக்கு, மேம்படுத்தல் வெற்றிகரமாக முடிந்த அதே நொடியில் கதவு சாத்தப்படுகிறது. புதுவகைச் சாவி ஒன்றை முன்கூட்டியே சேர்த்து, அதன்வழி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மேம்படுத்தலைத் தொடங்க வேண்டும்.

மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோவது தனிக்கதை. நூற்றுக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள் இறங்கி, பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமர வேண்டும். நடுவில் வேலை நின்றால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கணினி நிற்கும். அதனால்தான் இந்த வேலையை ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட்டச் சொல்கிறார்கள்: இந்தப் பக்கம் இணைப்பு போனாலும் அந்தப் பக்கம் வேலை நிற்காது. உபுண்டுவின் மேம்படுத்தும் கருவி தானாகவே இப்படிச் செய்வதோடு, தொலைநிலை இணைப்பு என்று கண்டால் 1022 என்ற எண்ணில் இரண்டாவது எஸ்எஸ்எச் கதவையும் திறந்துவைக்கிறது. தீயரணில் அந்த எண்ணுக்கு அனுமதி தராவிட்டால் அந்தக் கதவால் பயனில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பில் இது பற்றிய எச்சரிக்கையே இருக்கிறது: பழைய எஸ்எஸ்எச் சர்வருடன் மேம்படுத்தலைத் தொடங்கி நடுவில் இணைப்பு போனால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம், ஆகவே 12ஆம் பதிப்பில் இருக்கும்போதே திருத்தப்பட்ட எஸ்எஸ்எச்சை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள் என்று. வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படிக்கச் செலவாகும் ஒரு மணி நேரம், எந்த மீட்புக் கருவியைவிடவும் மலிவானது.

பாதியில் நின்றுபோன சர்வருக்குள் நுழைய முடிந்தால் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: ரீபூட். பழைய கெர்னலும் ஏற்கெனவே ஏறிய சேவைகளும் நினைவகத்தில் உயிரோடு இருப்பதால்தான் உள்ளே போக முடிந்தது. அவை இருக்கும்போதே பாதியில் நின்ற தொகுப்புகளை அமைத்து முடிக்க வேண்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் தொகுப்பு மேலாளரிடம் நிலுவையில் உள்ளவற்றை அமைத்துமுடி, அறுந்த சார்புகளைச் சரிசெய் என்று சொல்லும் இரண்டு கட்டளைகளே பல வேளைகளில் போதும். எந்தத் தொகுப்பில் நின்றது என்பது அந்த மேலாளரான ஆப்ட் எழுதிவைக்கும் லாக் கோப்பில் வரிவரியாக இருக்கும். வட்டில் கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதி நிறைந்துபோனதே காரணமாக இருப்பது மிகச் சாதாரணம்: பழைய கெர்னல்கள் குவிந்து இடத்தை அடைத்துக்கொள்ள, புதிய தொடக்கக் கோப்புத்தொகுப்பு முழுதாக எழுதப்படாமல் போகும். அதைக் கவனிக்காமல் ரீபூட் செய்தால் சர்வர் எழாது.

நடுவில் வரும் கேள்விகளும் ஆபத்தானவை. நிர்வாகி கையால் திருத்திய அமைப்புக் கோப்பு ஒன்றைக் கண்டால், பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று மேம்படுத்தும் கருவி கேட்கும். எஸ்எஸ்எச் கோப்புக்கு இந்தக் கேள்வி வரும்போது தூக்கக் கலக்கத்தில் புதியதைத் தேர்ந்தால், மாற்றிவைத்திருந்த கதவு எண்ணும் அனுமதிப் பட்டியலும் போய்விடும். வேற்றுமையைக் காட்டு என்ற விருப்பமும் அங்கேயே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, எழுந்திருக்காத சர்வரை எழுப்ப இயங்குதளத்தைச் சாராத இன்னொரு வழி வேண்டும். கொல்லிமலைக்குக் காரவள்ளிச் சாலை அடைபட்டால் முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறுவது போல. தரவு மையச் சர்வர்கள் பலவற்றில் இதற்கென்றே தாய்ப்பலகையில் ஒரு குட்டிக் கணினி உண்டு. 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்ஈசி நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த ஐபிஎம்ஐ தரநிலை இதற்கு அடிப்படை. டெல் சர்வர்களில் ஐடிராக், எச்பி சர்வர்களில் ஐஎல்ஓ என்று அழைக்கப்படுகிறது. முதன்மைக் கணினி செத்துக்கிடந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். இதன்வழியே திரையைப் பார்க்கலாம், பூட் லோடர் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம், மீட்பு வட்டின் படிமத்தை ஏற்றலாம், அணைத்து ஏற்றலாம். வாடகைக்கு எடுத்த மேகச் சர்வர்களில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உள்ள கன்சோல் இதே வேலையைச் செய்யும். மேம்படுத்தலுக்கு முதல் நாள் அந்தக் கன்சோலில் உண்மையிலேயே நுழைந்து பார்த்தாரா என்பதுதான் ஒரு நிர்வாகியின் ஆயத்தத்தை அளக்கும் கேள்வி. கன்சோல் இருக்கிறது என்று நம்பியிருந்து, அவசர நேரத்தில் அதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போவது அரிதல்ல.

இரண்டாவது வழி முதல் வழியைச் சார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்குமேல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்தன. பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. கோளாறை ஆராயும் கருவிகள் பலவும் அதே வலையமைப்பை நம்பியிருந்தன. அவசரத்துக்கென்று இருந்த தனி வழியும் கைகொடுக்கவில்லை. கடைசியில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் பரந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39க்கு அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பு, விண்டோஸ் கணினிகளைத் தொடங்கும்போதே விழவைத்தது. மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. 10.57க்கே அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணினிகள் பலவற்றால் வலையமைப்புக்கு வந்து திருத்தத்தைப் பெற முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்பும் ஓர் ஆள் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் தேட வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், சிலவற்றுக்கு மட்டும் முதலில் அனுப்பி எழுகின்றனவா என்று பார்த்திருந்தால் சேதம் சிறுத்திருக்கும். பத்துச் சர்வர்கள் மட்டுமே உள்ள சிறு அலுவலகத்துக்கும் இது பொருந்தும்: முக்கியமில்லாத ஒன்றில் முதலில் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது.

நேரில் போகவே வழியில்லாத இடத்தில் பணிபுரிந்தவர்கள் கற்றுத்தந்த பாடம் வேறுவகை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, பதினெட்டாம் நாளில் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. பிறகு தெரிந்தது, அது மறுபடி மறுபடி ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது, அறுபது தடவைக்கும் மேல். ஒவ்வொரு தொடக்கத்திலும் பிளாஷ் நினைவகத்தைத் திறக்க முயன்றபோதுதான் அது விழுந்தது. பொறியாளர்கள் அந்த நினைவகத்தைத் தொடாமலே எழும்படி கட்டளை அனுப்பினார்கள். ஊர்தி எழுந்து நிலைகொண்டதும் காரணம் புலப்பட்டது: பயணக் காலத்திலிருந்தே சேர்ந்துபோன ஏராளமான கோப்புகளின் பட்டியல் ரேம் நினைவகத்தில் இடம் போதாமல் வழிந்தது. கோப்புகளை அழித்து, பிளாஷை மறுவடிவமைத்து, பிப்ரவரியில் பணி தொடர்ந்தது. சந்தேகத்துக்குரிய பகுதியை ஒதுக்கிவிட்டு மிகக் குறைந்த நிலையில் எழுப்புவது, எழுந்தபின் நிதானமாக ஆராய்வது என்ற வரிசை, நாமக்கல்லில் இருந்து மலைமேல் உள்ள ஒரு பெட்டியைச் சரிசெய்கிறவருக்கும் அப்படியே உதவும்.

எழாவிட்டால் தானே பழையதற்குத் திரும்பும்படி அமைத்துவைப்பது இதைவிட நல்லது. பூட் லோடரில் பழைய கெர்னலையே இயல்பாக வைத்துவிட்டு, அடுத்த ஒரு தடவை மட்டும் புதியதில் தொடங்கு என்று சொல்ல முடியும். கெர்னல் விழுந்தால் முப்பது நொடியில் தானாக ரீபூட் ஆகு என்ற குறிப்பையும் சேர்த்தால், புதியது விழுந்த மறு நிமிடம் பழையது எழும். புதியதே எழுந்து நன்றாக இருக்கிறது என்று பார்த்தபின் அதை நிரந்தரமாக்கலாம். ஜூனிப்பர் வலையமைப்புக் கருவிகளில் இதே எண்ணம் ஒரு கட்டளையாகவே இருக்கிறது: அமைப்பை மாற்றியபின் பத்து நிமிடத்துக்குள் நிர்வாகி மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். தீயரண் விதிகளை மாற்றும்போதும், பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளை மீட்கும் வேலை ஒன்றை முன்கூட்டியே ஓடவிட்டு வைக்கலாம்.

பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. டெபியன் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மட்டுமே மேம்படுத்தலை ஆதரிக்கிறது. 11இலிருந்து நேராக 13க்குப் போக வழியில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியனைத் தழுவியது என்பதால், தமிழ்நாட்டு அலுவலகங்களில் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் டெபியன் குறிப்புகள் பயன்படும். ரெட்ஹேட்டின் லீப் கருவி மேம்படுத்தலுக்கு முன் கணினியைச் சோதித்துத் தடைகளைப் பட்டியலிடுகிறது. அந்தத் தடைகளைத் தீர்க்காமல் அது மேலே போகாது.

இயங்குதளம் எழுந்து, கதவும் திறந்தபின் வருகிற கோளாறுகள் சத்தமில்லாதவை. டெபியன் 11இல் பிஎச்பி 7.4, 12இல் 8.2 என்பதால், பழைய நடையில் எழுதிய இணையதளம் வெற்றுப் பக்கத்தைக் காட்டும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேர்ந்தது தெரியாதது. 2018இல் வந்த, லினக்சின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி 2.28, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியது. டெபியன் 10க்கோ ரெட்ஹேட் 8க்கோ மாறிய சர்வர்களில், பழைய வரிசையில் கட்டப்பட்ட குறியட்டவணைகளைத் தரவுத்தளம் புதிய வரிசையில் படிக்கத் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே, இருக்கும் பெயர் இல்லை என்று பதில் வரும். தனித்தன்மை காக்க வேண்டிய இடத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை ஏறும். சான்றுகளும் பயனாளிப் பட்டியல்களும் இருக்கும் தரவுத்தளத்தில் இது எவ்வளவு கொடியது என்று சொல்ல வேண்டியதில்லை. குறியட்டவணைகளை மறுபடி கட்டுவதே தீர்வு. சர்வர் எழுந்துவிட்டது என்ற நிம்மதியில் அதை மறந்துவிடக் கூடாது.

பேக்கப் எடுப்பதும் மீட்டுப் பார்ப்பதும் வேறுவேறு வேலைகள். இரண்டாவதைச் செய்யாதவரை முதலாவதை நம்ப முடியாது. மெய்நிகர் கணினிகளில் ஸ்னாப்ஷாட் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். ஆனால் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தது முழுமையாக மீளும் என்று கொள்ளக் கூடாது என்பதால், சேவையை நிறுத்திவிட்டு எடுப்பதும், தரவைத் தனியாக வேறிடத்தில் வைப்பதும் முறை. கோளாறைத் தேடுவதற்கும் எல்லை வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது என்று தொடங்கும் முன்பே முடிவெடுத்தவர்கள், காலையில் அலுவலகம் திறக்கும்போது சேவையைத் தந்துவிடுகிறார்கள். மிகப் பழைய சர்வராக இருந்தால் அதைத் தொடாமல், பக்கத்தில் புதிய இயங்குதளத்துடன் இன்னொன்றைக் கட்டி, தரவை நகர்த்தி, சோதித்து, முகவரியை மட்டும் மாற்றிவிடுவது பெரும்பாலும் மேலானது. செலவு சற்றுக் கூடும். பழையது அப்படியே நிற்பதால் திரும்பிப்போக வழி இருக்கும்.

எல்லாம் சரியாக முடிந்தபின்னும் சில வேலைகள் மிஞ்சும். தற்காலிகமாகத் திறந்த 1022ஆம் கதவை மூட வேண்டும். மேம்படுத்தலின்போது முடக்கப்பட்ட வெளியார் மென்பொருள் களஞ்சியங்களை மறுபடி இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மென்பொருள்களுக்குத் திருத்தம் வருவது நின்றுவிடும். இன்னொரு தடவை ரீபூட் செய்து, யாரும் கைவைக்காமல் எல்லாச் சேவைகளும் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் மலைமேல் மின்சாரம் போய் வரும்போது நடக்கப்போவது அதுதான். புதிய பதிப்பில் முதல் பேக்கப் எடுத்து, அது மீள்கிறதா என்று சோதித்தபின் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்கலாம்.